திங்களின் பெயர் கொண்ட நிரல்மொழி

மலாக்கா மாநிலத் தமிழரின் வரலாறு பால்மரத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. அம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டுக் காடுகளே அதன் தாயகம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராய் விளங்கிய ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவைச் சேர்ந்த சீன வணிகர் டான் சே யான் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் பால்மரங்களை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசாகானில் அதனினும் பெரிய தோட்டம் ஒன்றைத் தோற்றுவித்தார். மலாயாவின் இரப்பர் வாணிகத்திற்கு மலாக்காவே இவ்வாறு வித்திட்டது.

மரம் பிரேசிலிலிருந்து வந்தது. முதல் பிறரிடமிருந்து வந்தது. உழைப்பு தமிழரிடமிருந்து வந்தது. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்து, பால் வெட்டி, மங்கில் வடிந்ததைச் சேர்த்துச் சுமந்தவர்கள் தமிழர்கள். ஆயினும் மரம் அவர்களுடையதாய் இருந்ததில்லை. மண்ணும் அவர்களுடையதாய் இருந்ததில்லை. 1967ஆம் ஆண்டில் புக்கிட் அசாகான் தோட்டத் தொழிலாளர்கள் தம் குறைகளை எடுத்துரைப்பதற்காகக் கோலாலம்பூர் வரை நடந்தே சென்றனர் என்னும் செய்தி, உழைப்பவன் வேறு, உரியவன் வேறு என்னும் நிலையின் கசப்பை உணர்த்தும்.

அதே பிரேசில் நாட்டில் 1993ஆம் ஆண்டில் மற்றொரு படைப்பு தோன்றியது. அது மரமன்று, கணினிக்குக் கட்டளையிடும் நிரல்மொழி. 'லுவா' என்பது அதன் பெயர். இருபது ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டில், அது தமிழ் விக்கிப்பீடியாவிற்குள்ளும் வந்து சேர்ந்தது. முதலில் வந்த பிரேசில் செல்வத்தில் தமிழர்க்கு உழைப்பு மட்டுமே பங்காயிற்று. இரண்டாவதாக வந்த செல்வத்தில் அவர்தம் பங்கு யாது என்பது தமிழாசிரியரும் மாணவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

களஞ்சியமும் வார்ப்புருவும்

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954ஆம் ஆண்டில் வந்தது. பத்தாம் தொகுதி 1968ஆம் ஆண்டில் வந்தது. அறிஞர் பலர் கூடி எழுதி, அச்சிட்டு, கட்டி முடித்த அருஞ்செயல் அது. அச்சான பின் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது என்பது அந்நூல்வகையின் இயல்பு. 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவோ, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. மலாக்கா மாநிலத்தில் பிறந்த எழுத்தாளர் மலாக்கா முத்துகிருஷ்ணன் மலேசியாவைப் பற்றிய கட்டுரைகளை அதில் மிகுதியாக எழுதியவர். ஊதியம் கருதாது எழுதும் இத்தகையோரின் உழைப்பாலேயே அக்களஞ்சியம் வளர்ந்து வருகிறது.

எவரும் எழுதலாம் எனின், ஒருவர் எழுதும் முறை மற்றொருவர் எழுதும் முறையோடு ஒத்திராது. இக்குறையை நீக்கக் கண்ட வழியே 'வார்ப்புரு' என்பது. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலை நினைவிற் கொண்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். கோடிட்ட தாளில் பெயர், வேலை, நாள் எனக் கட்டங்கள் முன்னரே அமைந்திருக்கும். கிராணி விவரத்தை மட்டும் நிரப்புவார். வார்ப்புருவும் அத்தகையதே. மலாக்கா மாநிலத்தில் உள்ள 21 தமிழ்ப்பள்ளிகளுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதப்பட்டால், பள்ளியின் பெயர், ஊர், மாவட்டம், தொடங்கிய ஆண்டு ஆகியவற்றைக் காட்டும் தகவற் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரே வடிவில் நிற்கும். வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால், 21 பக்கங்களிலும் அத்திருத்தம் தானே தோன்றும். செக்ரோலால் இயலாத செயல் இது.

வார்ப்பு என்னும் சொல் தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தையும் நினைவூட்டுவது. மலாக்காவை 1511ஆம் ஆண்டில் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் ஆட்சிக் காலத்தில்தான், இந்தியாவின் மேற்குக் கரையில் தமிழ் எழுத்துகள் முதன்முதலாக உலோகத்தில் வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிற்று. எழுத்தை ஒருமுறை வார்த்துவிட்டால் பன்முறை பயன்படுத்தலாம் என்பதே அச்சின் அடிப்படை. விக்கிப்பீடியாவின் வார்ப்புருவிற்கும் அடிப்படை அதுவே.

தாமதம் வந்த வழி

தொடக்கத்தில் வார்ப்புரு என்பது வெற்றுக் கட்டமாகவே இருந்தது. நாளடைவில் அதற்குச் சிந்திக்கும் ஆற்றலும் வேண்டும் எனப் பயனர் விரும்பினர். மாணவர் எண்ணிக்கை கொடுக்கப்பட்டால் அவ்வரியைக் காட்டுக, கொடுக்கப்படாவிடின் மறைத்துவிடுக என்பன போன்ற கட்டளைகள் தேவைப்பட்டன. 2006ஆம் ஆண்டில் டிம் ஸ்டார்லிங் என்னும் நிரலாளர் அத்தகைய நிபந்தனைக் கட்டளைகள் சிலவற்றை விக்கி மென்பொருளில் சேர்த்தார். சிறு தேவைக்கெனத் தரப்பட்ட அக்கருவியைக் கொண்டு பயனர்கள் பெரும் மாளிகைகளையே எழுப்பத் தொடங்கினர்.

அக்கட்டளைகள் முழுமையான நிரல்மொழி ஆகா. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழி அவற்றில் இல்லை. கணக்கிட்ட விடையை ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்ளும் வழியும் இல்லை. ஒரு சொல் எத்தனை எழுத்துடையது என அறிவதற்குங்கூட நேரிய முறை இல்லாமையால், ஒவ்வொரு நீளத்தோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டு விடை காணும் சுற்றுவழிகளைப் பயனர் கையாண்டனர். ஒரு வார்ப்புருவிற்குள் மற்றொன்று, அதற்குள் இன்னொன்று எனச் சுருளை அடைப்புக்குறிகள் அடுக்கடுக்காய்ப் பெருகின. எழுதியவரே சில திங்கள் கழித்துப் படித்தால் பொருள் விளங்காத அளவிற்கு அவை சிக்கலாயின.

சிக்கலின் விலையைக் கணினி செலுத்திற்று. நூற்றுக்கணக்கான மேற்கோள்களைக் கொண்ட நீண்ட பக்கங்களை ஒருமுறை கட்டி முடிக்க இருபது முப்பது நொடிகளும் ஆயின. படிக்க வருவோர்க்கு முன்னரே கட்டி வைக்கப்பட்ட படி கிடைத்தமையால், இத்துன்பம் அவர்க்குப் பெரிதும் தெரிந்திலது. ஒரு சிறு பிழையைத் திருத்திச் சேமித்தவரே புதிய பக்கம் உருவாகும் வரை காத்திருக்க நேர்ந்தது. திருத்துவோரைச் சோர்வுறச் செய்யும் களஞ்சியம் வளர்வதெங்ஙனம்? ஆதலின் பழைய கட்டளைகளோடு மேலும் சிலவற்றை ஒட்டுப்போடுவதை விடுத்து, முறையான நிரல்மொழி ஒன்றையே உள்ளே கொணர்வது நன்றென மென்பொருள் அமைத்தோர் முடிவு செய்தனர்.

திங்கள் பிறந்த கதை

அவர்கள் தேர்ந்த லுவாவின் பிறப்பு வரலாறு தமிழர்க்கும் படிப்பினையாவது. பிரேசில் அரசு 1977ஆம் ஆண்டு முதல் 1992ஆம் ஆண்டு வரை வெளிநாட்டுக் கணினிகளையும் மென்பொருள்களையும் இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தது. வேண்டிய கருவியை விலை கொடுத்து வாங்கும் வழி அடைபட்டமையால், தாமே படைத்துக்கொள்ள வேண்டிய நிலை அந்நாட்டு அறிஞர்க்கு ஏற்பட்டது. ரியோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆய்வுக் குழு ஒன்று, பெட்ரோபிராஸ் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்க்கென இரு சிறு மொழிகளை முதலில் ஆக்கிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றன் பெயர் 'சோல்'. போர்த்துக்கீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஞாயிறு என்பது பொருள். 1993ஆம் ஆண்டில் ரொபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டெ ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் அவ்விரண்டையும் இணைத்து ஒரே மொழியாக்கியபோது, ஞாயிற்றுக்கு அடுத்துத் திங்கள் எனும் பொருத்தம் கருதி 'லுவா' எனப் பெயரிட்டனர்.

அம்மொழி யாருக்காகப் படைக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. எண்ணெய் அகழும் பொறியாளரும் நிலவியல் அறிஞரும் தொழில்முறை நிரலாளர் அல்லர். அவர்களும் கற்றுக் கையாள வேண்டும் என்னும் நோக்கத்தால் மொழி சிறியதாகவும் தெளிவாகவும் அமைக்கப்பட்டது. விக்கிப்பீடியா கையாளும் 5.1 பதிப்பில் மாற்றவொண்ணாக் கட்டளைச் சொற்கள் 21 மட்டுமே உள. மேலும் லுவா தனித்து இயங்குவதினும் பெரிய மென்பொருள் ஒன்றன் உள்ளே அமர்ந்து இயங்குவதற்கு ஏற்றது. கணினி விளையாட்டுகளும் ஒளிப்பட மென்பொருள்களும் அதனைத் தமக்குள் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே காரணம்.

விக்கி மென்பொருளில் லுவாவைப் பொருத்தும் பணியை விக்டர் வசீலியேவ், டிம் ஸ்டார்லிங் முதலியோர் மேற்கொண்டனர். 2012ஆம் ஆண்டில் சோதனைகள் நடந்தன. 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விக்கிமீடியாவின் எல்லாத் திட்டங்களுக்கும் அவ்வசதி திறந்துவிடப்பட்டது. அன்று முதல் வார்ப்புரு தன் கடினமான வேலையை லுவாவில் எழுதப்பட்ட நிரற்கூறு ஒன்றனிடம் ஒப்படைத்து, விடையை மட்டும் வாங்கிப் பக்கத்தில் இடலாயிற்று. ஒரு பக்கத்தின் நிரல்கள் அனைத்தும் சேர்ந்து 10 நொடிக் கணிப்பு நேரத்தையும், 50 மெகாபைட்டு நினைவகத்தையும் கடக்கலாகாது என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. எவரும் எழுதக்கூடிய இடத்தில், தவறான நிரல் ஒன்று வழங்கியையே முடக்கிவிடாமல் காப்பதற்கு அவ்வரம்பு இன்றியமையாதது. மேற்கோள் வார்ப்புருக்கள் லுவாவிற்கு மாற்றப்பட்ட பின், நீண்ட பக்கங்கள் உருவாகும் நேரம் பெரிதும் குறைந்தது.

எழுத்தும் புணர்ச்சியும்

விரைவு ஒன்றே லுவாவின் பயனாயின், அது பொறியாளர் செய்தியாய் முடிந்திருக்கும். தமிழாசிரியர் அதனை நோக்க வேண்டிய காரணம் வேறு. சொல்லைப் பிரித்து எழுத்தெழுத்தாய் ஆராயும் ஆற்றல் அப்போதுதான் வார்ப்புருவிற்குக் கிடைத்தது.

'மலாக்கா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அதில் எத்தனை எழுத்துகள் என வினவினால், முதலாம் வகுப்பு மாணவனும் ம, லா, க், கா என எண்ணி நான்கு என்பான். லுவாவின் இயல்பான எண்ணும் முறையோ 21 என்று விடை தரும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு இடம் கொள்வதும், லுவா பைட்டுகளையே எண்ணுவதும் அதற்குக் காரணம். விக்கிப்பீடியாவிற்கென இணைக்கப்பட்ட ஒருங்குறி நூலகத்தைக் கொண்டு எண்ணினால் ஏழு என்று விடை வரும். ம, ல, கால், க, புள்ளி, க, கால் என ஏழு குறியீடுகள் அங்கே உள்ளமையால் அவ்விடை பெறப்படும். ஏழினின்று நான்கிற்கு வர வேண்டுமாயின், காலும் கொம்பும் புள்ளியும் தனி எழுத்தாகா, முன்னுள்ள குறியோடு சேர்ந்தே எழுத்தாகும் என்னும் விதியை ஒருவர் நிரலில் எழுதித் தர வேண்டும். அவ்விதியை எழுத வல்லவர், தமிழ் எழுத்திலக்கணம் அறிந்தவரே ஆவார்.

புணர்ச்சியிலும் இஃதே நிலை. ஒரு பள்ளி எவ்வூரில் உள்ளது எனத் தகவற் கட்டம் ஒரு தொடராய்க் கூற வேண்டுமாயின், ஊர்ப்பெயரோடு 'இல்' உருபைச் சேர்த்தல் வேண்டும். பெயரை எழுதி அருகே உருபை ஒட்டிவிட்டால் 'மலாக்காஇல்' எனப் பிழைபட நிற்கும். மலாக்கா என்பதன் ஈற்றில் ஆகாரம் உள்ளமையால் வகர உடம்படுமெய் தோன்றி 'மலாக்காவில்' என்றாகும். சுங்கை ரம்பை என்பதன் ஈறு ஐகாரம். அங்கே யகரம் தோன்றிச் 'சுங்கை ரம்பையில்' என்றாகும். ஜாசின் என்பது மெய்யீறாதலின் உயிர் அதன்மேல் ஏறி 'ஜாசினில்' என்றாகும். தெபோங் என்னும் பெயரோ ஙகர மெய்யில் முடிவது. அத்தகைய ஈறு தமிழ்ச் சொல்லுக்கு இயல்பன்று. ஆயினும் தோட்டப்புற மக்கள் வழக்கு ககரத்தைச் சேர்த்துத் 'தெபோங்கில்' என அதனை எளிதில் வசப்படுத்திக்கொண்டது.

இந்நான்கு ஊர்களுக்கும் பொருந்தும் விதிகளைப் பழைய நிபந்தனைக் கட்டளைகளால் எழுதுவது பெரும்பாடு. லுவாவில், சொல்லின் இறுதிக் குறியீட்டை எடுத்து, அது எவ்வகை என நோக்கி, உரிய எழுத்தைச் சேர்க்கும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் விதியும் அந்நிரலும் ஒரே தன்மையின. இன்ன ஈற்றின்முன் இன்னது வரின் இன்னது ஆகும் என்பதே இரண்டன் அமைப்பும். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது எனக் கருதும் மாணவனுக்கு, அது கணினியையும் இயக்க வல்லது எனக் காட்டுவதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

திறவுகோல் யார் கையில்?

இத்தனை நன்மையோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. பழைய வார்ப்புரு சிக்கலானதாயினும், கட்டுரை எழுதுவோரே முயன்று அதனையும் எழுதக் கற்றிருந்தனர். லுவா வந்த பின் நிரலறிந்தோர் வேறு, கட்டுரை எழுதுவோர் வேறு எனப் பிரிவு தோன்றலாயிற்று. பெருந்தொகையினர் பணியாற்றும் ஆங்கில விக்கிப்பீடியாவிற்கு இது பெருங்குறையன்று. ஆர்வலர் சிலரே உள்ள மொழிகளோ ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட நிரற்கூறுகளை அப்படியே படியெடுத்துக் கொள்ளும் நிலைக்கு உள்ளாயின. படியெடுத்தது பழுதுறின், அதன் உள்ளமைப்பை அறிந்தார் அருகிலிருத்தல் வேண்டும். மேற்கோள் நிரலை அமைத்தோர் திங்கட் பெயர்களையும் பிழைச் செய்திகளையும் தனிப்பக்கத்தில் பிரித்து வைத்து, பிற மொழியினர் மாற்றிக்கொள்ள வழி செய்துள்ளனர். ஆயினும் மாற்றுவார் இல்லையெனின் தமிழ்க் கட்டுரையின் அடியில் ஆங்கிலச் சொற்களே நிற்கும்.

பணியிடத்திலிருந்து விலகும் மொழி காலப்போக்கில் வீட்டிலிருந்தும் விலகக்கூடும் என்பதற்கு மலாக்கா நகரமே சான்று பகரும். மலாய் மன்னர் காலத்திலேயே இங்குக் குடியேறிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள் எனப்படுவர். 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் அவர்தம் பெருமையை உரைக்கிறது. பொங்கலையும் முன்னோர் வழிபாட்டையும் அவர்கள் பேணி வருகின்றனர். ஆனால் அவர்தம் பேச்சுமொழி மலாய் ஆயிற்று. பற்றுக் குறைந்ததால் நேர்ந்த மாற்றமன்று அது. வாணிகமும் உறவும் நாள்தோறும் வேறு மொழியில் நடந்தமையால் இயல்பாக நேர்ந்தது. சமயமும் சடங்கும் ஒரு மொழியை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். பயன்பாடு ஒன்றே அதனை நாவில் வைத்திருக்கும்.

தோட்டங்களின் நிலையும் எண்ணத்தக்கது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பல ஊர்களில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளி ஒன்றே. அத்தோட்டங்களின் பெயர்களையும் கோயில்களையும் பள்ளிகளையும் முறையாகத் தொகுத்து வைக்கும் பணி காத்திருக்கிறது. முதியோர் நினைவில் உள்ளவை எழுத்தில் ஏறுவதற்குக் காலம் குறுகியது. கட்டங்களும் பட்டியல்களும் விரைவாகவும் பிழையின்றியும் அமையுமாயின் அப்பணி எளிதாகும். அதற்குரிய கருவி கையருகிலேயே உள்ளது.

மலேசியத் தமிழர்க்கு இத்துறை புதிதன்று. கணினியில் தமிழை எழுதுவதற்கு முரசு மென்பொருளை 1985ஆம் ஆண்டு முதல் வளர்த்தெடுத்த முத்து நெடுமாறன் இந்நாட்டவரே. பிறர் செய்து தரட்டும் எனக் காத்திராமல் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்வது என்னும் உறுதியே ரியோ நகரில் லுவாவைப் படைத்தது. இந்நாட்டில் முரசையும் படைத்தது.

பால்மரத்தை நட்டவர்க்கும் வெட்டியவர்க்கும் இடையே சட்டமும் முதலும் வேலியாய் நின்றன. லுவாவிற்கு அத்தகைய வேலி இல்லை. அது கட்டணமின்றி எவர்க்கும் உரியது. அதன் உள்ளமைப்பு எவரும் படிக்கத் திறந்து கிடப்பது. 21 கட்டளைச் சொற்களே அதன் வாயில். கல்லாமை ஒன்றே இங்கு எஞ்சி நிற்கும் வேலி. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தமிழ்ப்பள்ளியில் பயிலும் ஒரு மாணவி, தன் ஆசிரியரிடம் கற்ற உடம்படுமெய் விதியை நிரலாக எழுதி, தன் ஊர்ப்பெயர் பிழையின்றித் திரையில் தோன்றக் காண்பாளாயின், பிரேசிலிலிருந்து வந்த இந்த இரண்டாம் செல்வத்தில் தமிழர் கூலியாக அன்றி உரிமையாளராகவே பங்கு பெற்றனர் என வரலாறு எழுதும்.